உங்களுக்குத் தெரியுமா? காயம் ஆறப் பிறக்கும் கட்டளை

காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால், ரத்தத்தை உறைய வைப்பதோடு தட்டணுக்களின் வேலை முடிவதில்லை. அவை ‘பிடிஜிஎஃப்’ என்ற வளர்ச்சிக் காரணியையும் வெளிவிடுகின்றன. தோலில் சும்மா கிடந்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அதை உணர்ந்து, காயத்தை நோக்கி நகர்ந்து பெருகுகின்றன.

எப்படி? பிடிஜிஎஃப், செல்லின் மேற்பரப்பில் உள்ள இரண்டு ஏற்பிகளை ஜோடி சேர்க்கிறது. அவை ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அந்தச் சமிக்ஞை ராஸ், இஆர்கே போன்ற புரதங்கள் வழியே உட்கருவை எட்டியதும் செல் இரண்டாகப் பிரியத் தயாராகிறது.

1974: தட்டணுப் பொருட்கள் கலவாத பிளாஸ்மாவில் சரியாகப் பெருகாத செல்கள், உறைந்த ரத்தத்தின் சீரத்தில் மளமளவெனப் பெருகின. அந்த ஆற்றல் தட்டணுக்களிலிருந்து வருவதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

1997: சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்கு, செயற்கையாக உருவாக்கிய பிடிஜிஎஃப் கொண்ட பெக்காப்ளெர்மின் ஜெல்லுக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

நிறுத்துவதும் முக்கியம்: காயம் மூடியதும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் பல தாமாகவே மடிகின்றன. சமிக்ஞை ஓயாமல் நீடித்தால் அவை உருவாக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்து, காயத்தின் எல்லையையும் தாண்டித் தடித்த கீலாய்டு தழும்பு உருவாகலாம்.