அச்சுக்குப் போகும் முன்பே இரைச்சலைப் பிடிக்கலாம்

மலிவான எல்.இ.டி. பல்பைப் போட்டதும் பக்கத்து அலமாரியில் இருக்கும் ரேடியோ கரகரக்கத் தொடங்குவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். முன்பு மிக்ஸி ஓடினால் தூர்தர்ஷன் படத்தில் புள்ளியும் கோடுமாக ஓடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மின்னோட்டம் வேகமாகக் கூடிக் குறையும் எந்தக் கம்பியும் ரேடியோ அலையை வெளிவிடும். அந்த அலையால் அடுத்த கருவியைக் கெடுக்காமலும், அடுத்ததன் அலையால் தான் கெடாமலும் ஒரு கருவி வேலை செய்வதே மின்காந்த இணக்கம். துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக இ.எம்.சி. என்பார்கள். இதற்கு வரம்பு வகுக்கும் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு, வானொலி கேட்பவர்களைக் காப்பதற்காக 1934-லேயே பாரிஸில் கூடிவிட்டது.

அந்த வரம்பு எவ்வளவு கறாரானது என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். வீட்டில் பயன்படும் கருவி ஒன்று 50 மெகாஹெர்ட்ஸில், 3 மீட்டர் தொலைவில், மீட்டருக்கு 100 மைக்ரோ வோல்ட்டுக்கு மேல் கதிர்வீசக் கூடாது. ஒரு மீட்டர் நீளக் கேபிள் இந்த எல்லையைத் தாண்ட அதில் எவ்வளவு தேவையற்ற மின்னோட்டம் ஓட வேண்டும் தெரியுமா? சுமார் 5 மைக்ரோ ஆம்பியர் போதும். ஒரு சாதாரண எல்.இ.டி. எரிய 10 மில்லி ஆம்பியர் தேவை; இது அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. "நம்ம கிளாக் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ்தானே சார்" என்று சொல்வதிலும் பொருள் இல்லை. ஒரு நானோ வினாடியில் ஏறி இறங்கும் துடிப்பு, கிளாக் எத்தனை மெதுவாக இருந்தாலும், 300 மெகாஹெர்ட்ஸ் வரை கணிசமான ஆற்றலைச் சுமந்திருக்கும்.

பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு இது கடைசியில்தான் தெரியவருகிறது. பொருள் தயாராகி, பெட்டிக்குள் வைத்து, சோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போன பிறகு. சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் நிறுவனத்துக்கு இப்படிப்பட்ட சோதனைக்கான மையம் இருக்கிறது; தனியார் கூடங்களும் உண்டு. அங்கே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு. திரையில் ஒரு கூர்முனை வரம்பைத் தாண்டி நின்றால், கேபிளில் ஃபெரைட் மாட்டுவதும் செம்பு டேப் ஒட்டுவதும் தொடங்கும். அதிலும் அடங்காவிட்டால் சர்க்யூட் போர்டையே மறுபடி வரைய வேண்டும்.

போர்டை அச்சுக்கு அனுப்பும் முன்பே கம்ப்யூட்டரில் மாதிரி அமைத்து ஓட்டிப் பார்த்தால் இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பதே நான் சொல்ல வருவது. இதற்கெனப் பல லட்சம் ரூபாய்க்கு விற்கும் மென்பொருள்கள் தேவைப்படும் இடங்கள் உண்டுதான். ஆனால் அடிப்படைத் தவறுகளைப் பிடிக்க, இலவசமாகக் கிடைப்பவையே போதும். அவற்றின் வேர் பழையது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் எழுதி 1973-ல் வெளிவந்த, மின்சுற்றின் நடத்தையைக் கணக்கிட்டுக் காட்டும் ஸ்பைஸ் நிரலை, அவருடைய பேராசிரியர் டொனால்டு பெடர்சன் யார் கேட்டாலும் கொடுக்கும்படி திறந்துவைத்தார். இன்றைய என்.ஜி.ஸ்பைஸ் அதன் நேர் வாரிசு. எல்.டி.ஸ்பைஸ் இலவசம். 1992-ல் பிரான்சில் ழான்-பியர் ஷராஸ் தொடங்கிய, பின்னர் செர்ன் ஆய்வகம் கைகொடுத்த கிகாட் மென்பொருளில் போர்டையும் வரையலாம். 2018 முதல் அதற்குள்ளேயே என்.ஜி.ஸ்பைஸும் ஓடுகிறது.

அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். ஐ.சி.யின் பவர் பின்னுக்குப் பக்கத்தில் 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைப்பது எல்லோருக்கும் பழக்கம். "உயர் அதிர்வெண்ணுக்கு" என்று கூடவே ஒரு 1 நானோ ஃபாரடையும் வைப்பார்கள். இரண்டையும் ஸ்பைஸில் வரையுங்கள். ஆனால் வெறும் கெப்பாசிட்டராக வேண்டாம். கால்களும் போர்டுத் தடமும் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1 நானோ ஹென்றி தூண்டம் இருக்கும். அதையும் 20 மில்லி ஓம் தடையையும் தொடராகச் சேருங்கள். முதலில் 100 நானோ ஃபாரட் மட்டும்: அதன் மின்மறுப்பு 16 மெகாஹெர்ட்ஸ் வரை இறங்கி, பிறகு ஏறத் தொடங்குகிறது. அதற்கு மேல் அது கெப்பாசிட்டராக நடந்துகொள்வதே இல்லை. இப்போது இரண்டாவதையும் இணைத்து ஓட்டுங்கள். 113 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒரு மலை எழும். முன்பு 0.7 ஓம் இருந்த இடத்தில் இப்போது 12 ஓம்! நல்லது செய்வதாக நினைத்து வைத்த உறுப்பு அந்த ஓர் இடத்தில் நிலைமையைப் பதினேழு மடங்கு கெடுத்திருக்கிறது. உங்கள் கிளாக்கின் மடங்கு ஒன்று அங்கே விழுந்தால் தொல்லைதான். இந்த வளைகோட்டை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு கெப்பாசிட்டரைக் கண்மூடி வைக்க மாட்டார்.

அடுத்தது கிரவுண்ட். போன மின்னோட்டம் திரும்பி வந்தாக வேண்டும். அதிர்வெண் கூடினால் அது மின்தடை குறைந்த குறுக்கு வழியைத் தேடுவதில்லை; சிக்னல் தடத்துக்கு நேர் கீழே, கிரவுண்ட் தளத்தில் ஒட்டியபடியே திரும்புகிறது. அந்த இடத்தில் வேறொரு தடத்துக்காகச் செம்பை வெட்டியிருந்தால், பிளவைச் சுற்றிப் போய் வரும். சுற்றின் பரப்பு பெருக, அதே விகிதத்தில் கதிர்வீச்சும் பெருகும். அதிர்வெண் இரட்டித்தால் நான்கு மடங்காகும்.

இதைப் படமாகப் பார்க்க, ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-எஸ்ஸென் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் லீபிக் உருவாக்கிய ஓப்பன்-இ.எம்.எஸ். மென்பொருள் இருக்கிறது. வெளியைச் சிறு கட்டங்களாக வெட்டி, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் மாறி மாறிக் கணக்கிடுவது அதன் முறை. 1966-ல் கேன் யீ வகுத்தது. கட்டம் 0.1 மில்லி மீட்டர் என்றால், ஒவ்வொரு காலப்படியும் ஒரு பிகோ வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 10 நானோ வினாடிக்கு ஐம்பதாயிரம் படிகளுக்கு மேல். முழு போர்டையும் கொடுத்தால் வீட்டுக் கம்ப்யூட்டர் திணறும். ஆகவே பிளவு இருக்கும் 3 சென்டி மீட்டர் பகுதியை மட்டும் கொடுங்கள். பிளவோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. வித்தியாசம் தெரிந்தால் முடிவெடுக்கலாம்.

இந்தக் கருவிகளிடம் "என் பொருள் தேறுமா?" என்று கேட்காதீர்கள். மேசையில் வளைந்து கிடக்கும் கேபிள், பெட்டியின் இடுக்கு, மலிவு சார்ஜர் எல்லாம் அந்த மாதிரிக்குள் இருப்பதில்லை. விலை உயர்ந்த மென்பொருளும் இங்கே தடுமாறும். "இந்த இரண்டில் எது மேல்?" என்று கேளுங்கள், அதற்கு நம்பகமான பதில் வரும். போர்டு வந்த பிறகு, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் டைனி-எஸ்.ஏ. அலைமாலை அளவியும், கோஆக்ஸ் கேபிளில் வளைத்த ஒரு சிறு வளையமும் இருந்தால், மாதிரி சொன்னதை மேசையிலேயே சரிபார்த்துவிடலாம்.

ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸீ திட்டம், கிகாடையும் என்.ஜி.ஸ்பைஸையும் சேர்த்து இ-சிம் என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது. பொறியியல் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இறுதியாண்டு புராஜெக்டுக்கு மாணவர் போர்டு ஆர்டர் செய்யும் முன், அதன் கெப்பாசிட்டர் வளைகோட்டையும் மின்னோட்டம் திரும்பும் வழியையும் வரைந்து காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.