இறப்பர் மீண்டும் பாலாகுமா?

கேகாலை இறப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டப் புறப்படும் தாய்மார் முதலில் அண்ணாந்து வானத்தையே பார்ப்பர். பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு ஒழுங்காக வராது மரமெங்கும் பரவி வீணாகிவிடும். இன்றைக்குப் ‘பேர்’ கிடைக்குமோ, கிடைக்காதோ என்ற கவலை அப்பார்வையில் இருக்கும்.

அந்த மழையும், இரத்தினபுரி மலைகளை மூடும் மூடுபனியும், அடுப்பில் கொதிக்கும் நீரும் ஒரே பொருளே, சிறுவர்களே! மூடுபனியை ஆவி என்பார் பலர், அது தவறு. மிக நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டமே அது. உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. பானை மூடியில் பட்டுக் குளிர்ந்து துளியாகும்போதே அதனைக் காண்கிறோம். பனிக்கட்டியும் 0 பாகை சதமத்தில் உருகி மீண்டும் நீராகும். திண்மம், திரவம், வாயு என நிலை மாறினாலும் நீர் நீரே.

இதைக் கற்பிக்கையில் நாம் ஒருமுறை, “நீர் உறைந்து பனிக்கட்டியாவதுபோல் பால் உறைந்து இறப்பராகிறது” என்று சொல்லிவிட்டோம். பால்வெட்டும் தாயொருத்தியின் மகள் எழுந்து, “அப்படியானால் இறப்பரைச் சூடாக்கினால் மறுபடியும் பாலாகுமா, ஐயா?” என்று கேட்டாள். நாம் வாயடைத்து நின்றோம். பிழை நம்முடையது.

இறப்பர்ப் பாலில் பெரும்பகுதி நீர். அதில் இறப்பர்த் துணிக்கைகள் மிதக்கின்றன. அவை ஒரேவகை மின்னேற்றம் உடையவை; ஆதலால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். தோட்டத்து ஸ்டோரில் போமிக் அமிலத்தைக் கலந்ததும் அந்த விலகல் குலைகிறது. துணிக்கைகள் ஒட்டித் திரள்கின்றன. (எறும்பு கடித்தால் எரிகிறதல்லவா? சில எறும்புகளிடம் உள்ளதும் இவ்வமிலந்தான்.) இங்கே குளிரால் எதுவும் உறையவில்லை. ஆகவே சூடாக்கினாலும் பால் திரும்பாது. இறப்பர் இளகிப் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். அப்பிசுபிசுப்பு நீங்க, கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கும் வழியை அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் 1839 இல் கண்டார்.

ஆனால் புகைக்கூட்டில் நிகழ்வது வேறு. தாள்களாக உருட்டித் தொங்கவிடப்பட்ட இறப்பரில் எஞ்சிய நீர், வெப்பத்தால் ஆவியாகி வெளியேறுகிறது. வெள்ளைத் தாள் பொன்னிறமாகிறது. இதுவே நாம் சொன்ன நிலைமாற்றம். ஒரே தாளில் இருவகை மாற்றங்களும் நிகழ்ந்திருக்கின்றன!

வீட்டில் அம்மாவிடம் கேட்டுச் சிறிது பசுப்பாலில் தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்து பாருங்கள். திரண்டதை எடுத்து வெந்நீரில் இடுங்கள். மீண்டும் பாலாகிறதா?