தடுக்கவில்லை, தனியே விடவுமில்லை

வளரும் பிள்ளையின் ஆர்வம் ஆபத்தை நோக்கி அடியெடுத்து வைக்கும்போது பெற்றோர் செய்யத்தக்கது யாது? ‘தொடாதே’ என்று அதட்டுவோர் உண்டு. ‘நம் பிள்ளை கெட்டிக்காரன்’ என்று கண்டும் காணாதிருப்போரும் உண்டு. இவ்விரண்டிற்கும் வேறான ஒரு வழியை அமெரிக்க நாட்டில் ஒருவர் காட்டிச் சென்றார். அவர் பெயர் ஜி. ஹாரி ஸ்டைன்.

1928-ஆம் ஆண்டில் பிறந்த ஸ்டைன், இயற்பியல் பயின்று, நியூ மெக்சிகோவிலுள்ள ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் பணியாற்றியவர். அக்காலத்தில் அந்நாட்டுச் சிறுவர் பலர் தாமே ராக்கெட் செய்ய முற்பட்டனர். உலோகக் குழாய்களில் தீக்குச்சி மருந்தையும், துத்தநாகத் தூளும் கந்தகமும் கலந்த கலவையையும் அடைத்துப் பற்றவைத்தனர். குழாய்கள் வெடித்தன, விரல்களையும் கண்களையும் இழந்தோர் உண்டு, உயிரையே இழந்தோரும் உண்டு. இவ்வாபத்தை எடுத்துரைத்து 1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டைன் ஒரு மாத இதழில் எழுதினார்.

அதைப் படித்து அவருக்குக் கடிதம் எழுதியவர் ஒரு காலணி வணிகர்! நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் நகரைச் சார்ந்த ஆர்வில் கார்லைல், வாணவேடிக்கைக் கலையில் தேர்ச்சியுடையவர். 1954-ஆம் ஆண்டிலேயே அவர் சிறியதொரு ராக்கெட்டை உருவாக்கியிருந்தார். அதன் உடல் காகிதக் குழாய். சிறகுகள் மெல்லிய பால்சா மரம். முன்னரே செய்து அடைக்கப்பட்ட கரிமருந்துக் குப்பி அதனை உயரத்திற்கு உந்தும். பின்னர் அதே குப்பியிலிருந்து எழும் சிறு வெடிப்பு வான்குடையை வெளித்தள்ளும். ராக்கெட் மெல்ல இறங்கிவரும். புதுக்குப்பி பொருத்தி மீண்டும் ஏவலாம். சிறுவன் மருந்தைக் கலக்க வேண்டிய தேவையே இல்லை. கார்லைல் அனுப்பிய மாதிரிகளை ஸ்டைன் ஏவிப் பார்த்தார். தாம் தேடிய விடை இதுவே எனக் கண்டுகொண்டார்.

அவ்வாண்டிலேயே தேசிய ராக்கெட்டியல் சங்கம் தோன்றியது. அதனை நிறுவிய ஸ்டைன், முதலாம் உறுப்பினர் எண்ணைக் கார்லைலுக்கு அளித்து, இரண்டாம் எண்ணைத் தாம் ஏற்றார். அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஸ்புட்னிக் விண்ணேறவே, சிறுவரின் ஆர்வம் கரைபுரண்டது. ராக்கெட் மாதிரிகளை விற்க அவ்விருவரும் தொடங்கிய நிறுவனம் சில ஆண்டுகளே நிலைத்தது. ஆனால் சங்கம் வளர்ந்தது. பத்தாண்டுகள், 1967 வரை, ஸ்டைன் அதன் தலைவராயிருந்து தொண்டாற்றினார். 1959-இல் டென்வர் நகருக்கு அருகே முதல் தேசியப் போட்டி நடைபெற்றது.

இத்தொண்டின் உயிர்நாடி பாதுகாப்பு விதிகளே. ராக்கெட்டின் பகுதிகள் எடை குறைந்த பொருள்களாலேயே அமைய வேண்டும். திரியில் நெருப்பு வைத்தலாகாது. எட்ட நின்று மின்விசையால் மட்டுமே ஏவ வேண்டும். ஏவுமுன் அனைவரும் கேட்க எண்ணுதல் வேண்டும். ராக்கெட் எழும்பாவிடில், மின் இணைப்பைத் துண்டித்து, அறுபது விநாடி கழியுமுன் எவரும் அருகே செல்லலாகாது. பல மாநிலங்களின் சட்டங்கள் இவற்றை வாணவெடிகளாகவே கருதித் தடுத்தன. தீயணைப்பு அதிகாரிகளையும் சட்டமியற்றுவோரையும் சந்தித்து விளக்கும் பணியும் இத்தொண்டர்களின் தோள்மீதே விழுந்தது.

1965-இல் ஸ்டைன் வெளியிட்ட மாதிரி ராக்கெட் கையேடு பல பதிப்புகள் கண்டது. 1997 நவம்பரில் அவர் மறைந்த பின்னர், 2004-இல் வந்த ஏழாம் பதிப்பிற்கு அவருடைய மகன் துணைநின்றார். சங்கத்தின் கிளைகளை இன்றும் தொண்டர்களே நடத்துகின்றனர். விடுமுறை நாளில் வெட்டவெளியில் நின்று, காற்றின் வேகத்தைக் கணித்து, ஒவ்வொரு சிறுவனின் ராக்கெட்டையும் கையிலெடுத்துச் சோதித்து, ‘இச்சிறகு உறுதியாக இல்லை, ஒட்டிக்கொண்டு வா’ என்று கனிவோடு திருப்பி அனுப்புவோர் அவர்கள். அவர்களுக்கு ஊதியம் இல்லை. பிள்ளைகள் காயமின்றி வீடு திரும்புவதே அவர்கள் பெறும் கைம்மாறு.

பெற்றோரே, எழும்பாத ராக்கெட்டை நோக்கி ஓடத் துடிக்கும் சிறுவனின் தோளைப் பற்றி, அந்த அறுபது விநாடியும் அவனோடு நிற்க ஒருவர் வேண்டும். உங்கள் ஊரில் விளையாட்டுத் திடலிலோ நீச்சல் குளத்திலோ உங்கள் பிள்ளையோடு அவ்வாறு நிற்பவர் எவரேனும் உளரா? அவர் உயிரோடிருக்கும்போதே ஒருமுறை சென்று நன்றி கூறுங்கள்.