உங்களுக்குத் தெரியுமா? உள்ளங்கையில் தனுஷ்கோடி தேவாலயம்

1964 டிசம்பர் புயல் சிதைத்த தனுஷ்கோடி தேவாலயத்தின் பவளக்கல் சுவர்களை உள்ளங்கை அளவில் அச்சிட்டெடுக்கலாம். ஒரு படத்தின் பகுதி அடுத்ததிலும் விழுமாறு கைப்பேசியில் சுற்றிச்சுற்றி எடுங்கள். (உச்சிவெயில் வேண்டாம், நிழல் குழப்பும்.) மென்பொருள் அவற்றை முப்பரிமாண வடிவமாக்கும், இன்னொன்று அதை 0.2 மி.மீ. அடுக்குகளாக நறுக்கும். மக்காச்சோள மாவுச்சத்திலிருந்தும் செய்யப்படும் பி.எல்.ஏ. என்ற 1.75 மி.மீ. இழையைச் சுமார் 200 டிகிரி செல்சியஸில் உருக்கி, இடியாப்பம் பிழிவதுபோல் அச்சுப்பொறி அடுக்கிக்கொண்டே போகும்.

பழக இடம்? 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்காக 2016-ல் வந்த அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை மானியம். முப்பரிமாண அச்சுப்பொறியும் அதில் அடக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த ‘ஃபேப் லேப்’ என்ற இத்தகைய கருவிப் பட்டறை, அதற்கு வெளியே முதலில் கால் வைத்தது மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில், 2002-ல்!