தகடு கொதித்தால் நட்டம், காற்று சூடானால் லாபம்

கெடாவின் பண்டார் பாரு மாவட்டத்தில் உள்ள செர்டாங், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர். ரப்பர் சீட்டு உலர்த்த, தோட்டத்துப் புகைக்கூடங்களில் அந்தக் காலத்தில் நாள்கணக்கில் விறகு எரியும். அதற்குத் தேவைப்பட்டதோ 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம். கூரைமேல் விழும் வெயிலே இதைத் தந்துவிடும், சேகரிக்கும் பெட்டி சரியாக இருந்தால்.

பெட்டியின் அமைப்பு எளிது. மேலே கண்ணாடி, உள்ளே கறுப்புத் தகடு, அடியில் வெப்பம் கசியாத பஞ்சு. உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் விழுந்தால், கண்ணாடியைத் தாண்டித் தகட்டில் சேர்வது சுமார் 850 வாட்.

வெப்பம் எங்கே போகிறது?

தகடு சுற்றுக்காற்றைவிட எவ்வளவு சூடேறுகிறதோ, அவ்வளவு வெப்பம் கண்ணாடி வழியே வெளியேறும். ஆகவே தகட்டில் சேர்ந்த சூட்டை உடனுக்குடன் காற்றுக்கு மாற்றுவதில்தான் திறன் இருக்கிறது. தண்ணீர் அந்தச் சூட்டை எளிதில் வாங்கிக்கொள்ளும், காற்று வாங்காது.

இதற்கு ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தவர்கள் பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். கமாருஸ்ஸமான் சோப்பியான் குழுவினரின் பெட்டியில் காற்று இருமுறை பயணிக்கிறது. முதலில் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையே ஓடி, வீணாகவிருந்த சூட்டைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு திரும்பித் தகட்டின் அடியில் நுழைகிறது. அங்கே சட்டி தேய்க்கும் கம்பி நார் போன்ற எஃகு இழைகள் நிரப்பப்பட்டிருக்கின்றன. காற்று உரசிச் செல்லும் பரப்பு பல மடங்காவதால், திறன் 60 முதல் 70 விழுக்காடு வரை எட்டுகிறது. இழைகளை மிக நெருக்கமாக அடைத்தால் மின்விசிறிக்குச் சுமை கூடும், அளவு முக்கியம்.

நம் ஊருக்கு என்ன பயன்?

30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் சுமார் 27 விழுக்காட்டுக்கு இறங்கும். மிளகாய், மீன், ரப்பர் எதுவானாலும் உலர இது போதும். நம் வானம் அடிக்கடி மேகமூட்டமாக இருப்பதால், குவிக்கும் கண்ணாடிகளைவிட, சிதறிய ஒளியையும் வாங்கும் தட்டைப் பெட்டியே பொருத்தம். மழைநீர் வழிந்தோட 10 டிகிரிச் சாய்வு வேண்டும். கண்ணாடியில் படியும் தூசியையும் பாசியையும் துடைக்க வேண்டும்; காற்றுக் கசியும் இடுக்குகளை அடைக்க வேண்டும்.

பெட்டி வாங்கப் போகும் சிறுதொழில் செய்வோர், “எத்தனை டிகிரி ஏறும்?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. “ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்றை அந்தச் சூட்டில் தரும்?” என்றும் கேட்க வேண்டும். போட்ட பணம் திரும்புமா என்பதை இரண்டாவது கேள்வியே சொல்லும்.