லாரி நிறுத்தத்து ஜெபக்கூடம்

ஒரு காலத்தில் சரக்கு ஏற்றிய டிரெய்லர் இது. இப்போது உள்ளே நாற்காலிகளும் சிலுவையும் இருக்கின்றன. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் இடங்களில் ஓட்டுநர்களுக்காக இப்படிச் சிற்றாலயங்கள் உண்டு.

மாநில எல்லை தாண்டிச் சரக்கு லாரி ஓட்ட 21 வயது நிரம்ப வேண்டும். அந்த வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஓட்டுவது அபூர்வமல்ல. 11 மணி நேரம் ஓட்டிவிட்டால் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு, இது சட்டம். அந்த ஓய்வு ஞாயிறன்று, வீட்டிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி வாய்த்தால், ஊர் ஆலயத்தில் மனைவி மக்களுக்குப் பக்கத்து இடம் காலிதான். உழைப்பாளிக்கு இது பெரிய இழப்பு. வழியில் தென்படும் ஆலயத்துக்குப் போகலாமென்றால், சுமார் 70 அடி நீள வண்டியை அங்கே நிறுத்த இடமிருக்காது.

இந்த டிரெய்லர் ஆலயத்திலோ டீசல் படிந்த சட்டையோடே படியேறலாம். தொலைவில் இருக்கும் பிள்ளைகளின் பெயர் சொன்னால், போதகர் அவர்களுக்காகவும் சேர்ந்து ஜெபிப்பார்.