ஒரே மாதிரி பர்கர்... ஒரே மாதிரி சத்தா?



ஆண்டு மலருக்குக் கவிதை எழுத நம்ம வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்காங்க. எனக்குக் கவிதை வராது. கணக்குதான் கொஞ்சம் வரும். அதனால் ஒரு சாப்பாட்டுக் கணக்கை எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு யாரும் கேன்டீன் அண்ணனிடம் சண்டைக்குப் போக வேண்டாம்!

விஷயம் ஆரம்பித்தது வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர்த் திருவிழாவில். பாகூர் பக்கத்திலிருந்து நாங்கள் நாலு பேரும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். பஜ்ஜி, சுண்டல், பஞ்சுமிட்டாய் வரிசையில் ஒரு பர்கர் வண்டியும் நின்றது. தங்கச்சி ஒரு வெஜ் பர்கர் வாங்கினாள். அப்பா, "காய்கறிதானே, நானும் பாதி சாப்பிடுறேன்" என்று கையை நீட்டினார். அப்பாவுக்கு பிரஷர். உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

தங்கச்சி என்னைப் பார்த்து, "அண்ணா, நீதான் டிப்ளமோ படிக்கிறியே! இதுல உப்பு எவ்ளோ இருக்கும்? அப்பா சாப்பிடலாமா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருத்தன்தான். மருந்துச் சீட்டு, கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்லணும். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை. திருதிருவென்று முழித்தேன். அப்பா பாதி பர்கரைச் சாப்பிட்டு முடித்துவிட்டார்.

பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கலோரி என்றால் என்ன?

இயந்திரவியல் மாணவர்களுக்கு இது பழைய பாடம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றத் தேவையான வெப்பம் ஒரு கிலோ கலோரி. உணவு விஷயத்தில் நாம் சும்மா 'கலோரி' என்று சொல்வது இந்தக் கிலோ கலோரியைத்தான். என்ஜினுக்கு டீசல் மாதிரி உடம்புக்கு உணவு.

மாவுச்சத்து 1 கிராமுக்கு 4 கலோரி, புரதம் 1 கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 1 கிராமுக்கு 9 கலோரி. அட்வாட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் ஆராய்ச்சியிலிருந்து வந்த எண்கள் இவை. 4, 4, 9. இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டால் எந்தப் பாக்கெட்டின் கணக்கையும் நாமே சரிபார்க்கலாம். கொழுப்பு மற்றதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்பதுதான் இதில் முக்கியம்.

ஐந்து பர்கர்கள்

தள்ளுவண்டி பர்கருக்கு அட்டவணை கிடையாது. பெரிய கம்பெனிக் கடைகளுக்கு உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் கொண்டுவந்த விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள், விலைப்பட்டியலிலேயே கலோரியைக் காட்ட வேண்டும். 2022 ஜூலை 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

மெக்டொனால்ட்ஸ் 1996-ல் டெல்லியில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. நம்ம நாட்டுக்காக மாட்டிறைச்சி இல்லாமல், உருளைக்கிழங்கு, பன்னீர், கோழி என்று பண்டங்களை மாற்றிக்கொண்டது. அந்த நிறுவனம் மேற்கு, தென்னிந்தியக் கடைகளுக்காக வெளியிட்ட ஓர் அட்டவணையிலிருந்து ஐந்து பர்கர்களை எடுத்து, தசமத்தை முழு எண்ணாக்கித் தருகிறேன். செய்முறை மாறினால் எண்ணும் மாறும். வாங்கும்போது அன்றைய பட்டியலைப் பார்ப்பதே சரி.

மெக் ஆலூ டிக்கி: எடை 146 கிராம், 340 கலோரி, கொழுப்பு 11 கிராம், புரதம் 8.5 கிராம், சோடியம் 545 மில்லிகிராம்.

மெக் வெஜ்ஜி: எடை 168 கிராம், 402 கலோரி, கொழுப்பு 14 கிராம், புரதம் 10 கிராம், சோடியம் 706 மில்லிகிராம்.

மெக் சிக்கன்: எடை 173 கிராம், 401 கலோரி, கொழுப்பு 16 கிராம், புரதம் 16 கிராம், சோடியம் 766 மில்லிகிராம்.

மெக் ஸ்பைசி சிக்கன்: எடை 186 கிராம், 452 கலோரி, கொழுப்பு 19 கிராம், புரதம் 21 கிராம், சோடியம் 929 மில்லிகிராம்.

மெக் ஸ்பைசி பன்னீர்: எடை 199 கிராம், 653 கலோரி, கொழுப்பு 39 கிராம், புரதம் 20 கிராம், சோடியம் 1,075 மில்லிகிராம்.

நண்பர்களே, ஐந்தும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். மேலே ஒரு பன், கீழே ஒரு பன், நடுவில் ஒரு வட்டம். ஆனால் முதலாவதற்கும் கடைசிக்கும் கலோரியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, கொழுப்பில் மூன்றரை மடங்கு வித்தியாசம்! அந்தக் கடைசி பர்கர் சிக்கன் இல்லை, சுத்த சைவம்! அதே அட்டவணையில் சைவ மகாராஜா மேக் 833 கலோரி. கோழி மகாராஜா மேக் 689-தான். "வெஜ்தானே, ஒண்ணும் செய்யாது" என்ற பேச்சுக்கு இதுவே பதில். சைவம் என்பது உள்ளே இறைச்சி இல்லை என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு எண்ணெய் என்று சொல்வதில்லை.

பன்னீரில் புரதமும் உண்டு, கொழுப்பும் உண்டு. அதை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து, மேலே சாஸும் ஊற்றினால் கொழுப்பு மூன்று இடத்திலிருந்து வந்து சேருகிறது. அந்த 39 கிராமில் 17 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாள் முழுக்க நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்குள் இருக்கணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இன்னொரு விஷயம். ஒப்பிடும்போது எடையையும் பார்க்கணும். 100 கிராமுக்கு என்று வகுத்துப் பார்த்தேன். ஆலூ டிக்கி 233, மெக் வெஜ்ஜி 239, மெக் சிக்கன் 232, ஸ்பைசி சிக்கன் 243. நாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆக, இந்த நாலுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் பர்கரின் அளவுதான். பன்னீர் மட்டும் 328. புரதம் யாரிடம் அதிகம் என்று பார்த்தால், ஒவ்வொரு 100 கலோரிக்கும் ஆலூ டிக்கி 2.5 கிராம், ஸ்பைசி பன்னீர் 3.1 கிராம், மெக் சிக்கன் 3.9 கிராம், ஸ்பைசி சிக்கன் 4.7 கிராம்.

ஆகவே 'எந்த பர்கர் நல்லது?' என்பதற்கு ஒரே பதில் கிடையாது. யாருக்கு, எதற்காக என்று கேட்கணும்.

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

தங்கச்சியின் கேள்விக்கு இப்போது வருவோம். அட்டவணையில் 'உப்பு' என்று இருக்காது. 'சோடியம்' என்றுதான் இருக்கும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வந்துவிடும். ஆலூ டிக்கி: 545-ஐ 2.5-ஆல் பெருக்கினால் சுமார் 1.4 கிராம். மெக் வெஜ்ஜி 1.8, மெக் சிக்கன் 1.9, ஸ்பைசி சிக்கன் 2.3, ஸ்பைசி பன்னீர் 2.7 கிராம்.

பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு டீஸ்பூன் அளவுதான். அதில் பாதிக்கு மேல் ஒரே பர்கரில் தீர்ந்துவிடலாம். புரதத்தில் முதலிடம் பிடித்த ஸ்பைசி சிக்கன்கூட, பிரஷர்காரருக்கு நல்லது என்று சொல்ல முடியாது. பாருங்கள், ஒரு கணக்கில் ஜெயித்தது அடுத்த கணக்கில் தோற்கிறது.

உப்பு கரிக்கவே இல்லையே என்பீர்கள். பன் இனிப்பாக இருந்தாலும் அதிலும் உப்பு உண்டு! பேக்கரியில் ஒரு கிலோ மாவுக்கு 15 முதல் 20 கிராம் வரை உப்பு சேர்ப்பது வழக்கம். ஒரு பன்னுக்கு 50 கிராம் மாவு என்றால் பன்னில் மட்டுமே முக்கால் கிராம் முதல் ஒரு கிராம் உப்பு. சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து நாக்கை ஏமாற்றிவிடுகின்றன.

நம்ம ஊர் பர்கர்

அட்டவணை இல்லாத பர்கருக்கு என்ன செய்வது? பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள பேக்கரி அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நாங்க கை அளவுலதான் போடுவோம்" என்றார். அவருடைய தராசிலேயே ஒவ்வொன்றாக நிறுத்துக் காட்டினார். பன் 80 கிராம், உருளைக்கிழங்கு கட்லெட் 70 கிராம், மயோனைஸ் 20 கிராம், தக்காளி சாஸ் 15 கிராம், கோஸ் கொஞ்சம்.

சத்துக் கணக்குக்கு நம்ம நாட்டிலேயே நல்ல அட்டவணை இருக்கிறது. 1918-ல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறிய கூடம்தான் 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அந்த நிறுவனம் 2017-ல் 528 உணவுப் பொருள்களின் சத்துகளை அட்டவணையாக வெளியிட்டது. அதன்படி மைதா 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. அதை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு இது:

பன் (50 கிராம் மைதா, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு): 218
உருளைக்கிழங்கு 50 கிராம்: 35
கட்லெட்டின் மேல்மாவு 10 கிராம்: 35
பொரிக்கும்போது குடித்த எண்ணெய் 8 கிராம்: 72
மயோனைஸில் உள்ள எண்ணெய் 12 கிராம்: 108
தக்காளி சாஸ்: 15

மொத்தம் 483 கலோரி. கம்பெனிக் கடை ஆலூ டிக்கியைவிட 140 அதிகம்! புரதமோ சுமார் 7 கிராம்தான். கம்பெனிக் கடையில்தான் கெடுதல், நம்ம ஊர்க் கடை என்றால் பரவாயில்லை என்று நான் நினைத்திருந்தது தப்பு. ஆனால் இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. "அண்ணே, மயோனைஸ் வேணாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் 108 கலோரி அப்படியே குறைந்து 375-க்கு வந்துவிடும். கட்லெட்டுக்குப் பதில் அவித்த முட்டை ஒன்றை நறுக்கி வைக்கச் சொன்னால், பொரித்த எண்ணெயும் போய், 6 கிராம் புரதமும் வந்து சேரும். அந்த அண்ணன் இப்போது எனக்கு அப்படித்தான் போட்டுத் தருகிறார்.

வீட்டுக் கணக்கு

இத்தனையும் போட்டுப் பார்த்தபின், நான் எதிர்பார்க்காத இடத்தில் வந்து நின்றது கணக்கு. அப்பா பர்கர் சாப்பிட்டது வருஷத்தில் ஒரு நாள், அதுவும் பாதி. அதனால் பிரஷர் வந்திருக்குமா? அம்மாவிடம், "ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டேன். "இருபத்தஞ்சு நாள்" என்றார். நாலு பேர், 25 நாள், 1,000 கிராம். வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம்! மீன் அலசுவது, கஞ்சி வடிப்பது என்று கொஞ்சம் வீணாகும்தான். ஆனால் கருவாடு, ஊறுகாய், கடை அப்பளம் இதில் சேரவில்லையே. உலகத்துச் சராசரியே நாளுக்கு 10.8 கிராம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை சொல்கிறது. ஆக, எங்கள் வீடு மட்டும் தப்புப் பண்ணவில்லை!

அம்மாவுக்குக் கோபம். "பர்கர்ல ஆரம்பிச்சு என் அடுப்புக்கே வந்துட்டியா?" என்றார். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் குழம்பில் உப்பு குறைந்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஊறுகாய் பாட்டில் மேல் பரணுக்குப் போய்விட்டது. இப்போது பாக்கெட் முப்பத்தைந்து நாள் வருகிறது. ஆளுக்கு 7 கிராம். இன்னும் 5-க்கு வரணும், வந்துவிடும்.

நண்பர்களே! 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்றார்கள் பெரியவர்கள். மிஞ்சியதா இல்லையா என்று அளந்து பார்க்க நமக்குப் படிப்பு இருக்கிறது. பர்கர் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எடை எவ்வளவு? எண்ணெயும் மயோனைஸும் எவ்வளவு? சோடியம் எவ்வளவு? பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். அப்படியே வீட்டுக்குப் போனதும் உப்புப் பாக்கெட்டை ஒருதடவை வகுத்துப் பாருங்கள்.

அடுத்த தேருக்கும் நாங்கள் வில்லியனூர் போவோம். தங்கச்சி கட்டாயம் பர்கர் கேட்பாள். அப்பாவும் கையை நீட்டுவார். இந்தத் தடவை என்னிடம் பதில் இருக்கிறது: "மயோனைஸ் இல்லாம ஒண்ணு வாங்கி நாலு பேரும் பிச்சுத் தின்னலாம். ஆனா ராத்திரிக்குக் கருவாடு கிடையாது, சம்மதமா?"

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு